மூலிகைச் சாறு, வாசனை எண்ணெய்: இலை வாங்க ரொக்கம் எங்கிருந்து வரும்?

வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் பல வருடம் இருந்தேன். இப்போது எண்ணெய் வடிக்கிற, சாறு எடுக்கிற சின்ன ஆலைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

தாளவாடியிலிருந்து: ஐயா, ஐந்து ஏக்கரில் எலுமிச்சைப்புல் இருக்குதுங்க. எண்ணெய் எடுக்கச் சொந்தமாக வடிகலன் வைக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒரு டன் பச்சைப்புல்லுக்கு 3 முதல் 5 கிலோ எண்ணெய்தான் வரும். முதலில் பக்கத்தில் கலன் வைத்திருப்பவரிடம் கூலிக்கு ஒரு டன் வடித்துப் பாருங்கள். அறுத்த புல்லை ஒரு நாள் வாட விட்டால் விறகு மிச்சமாகும். சக்கையைக் காய வைத்து அடுப்புக்கே போடலாம்.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கிற பிரிகலனில் மேலே மிதக்கிற எண்ணெயைக் கேனில் பிடித்ததும் லேசாகக் கலங்கலாக இருக்கும். அது தண்ணீர். நானே பார்த்திருக்கிறேன், ஒரு வியாபாரி கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அந்தக் கலங்கலுக்காகவே மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினார். ஒரு நாள் தெளிய விட்டு, மிச்ச ஈரத்தை உறிஞ்ச நீரற்ற சோடியம் சல்பேட் உப்பைப் போட்டு வடிகட்டி, எவர்சில்வர் கேனில் வாய் வரை நிரப்பி இருட்டில் வையுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் எலுமிச்சை வாசனை தருகிற சிட்ரால் குறையும், சிட்ராலுக்குத்தான் விலை. எண்ணெய் கெடாமல் இருந்தால்தான் நல்ல விலை வரும்வரை காத்திருக்க முடியும்.

சத்தியமங்கலத்திலிருந்து: மல்லிகை விலை விழும் நாட்களில் பூவை வாங்கி, சென்ட் கம்பெனிகளுக்கு கான்கிரீட் (பூவிலிருந்து எடுக்கும் மெழுகு போன்ற வாசனைச் சாறு) எடுத்துக் கொடுத்தால் லாபம் வருமா?

சின்ன முதலீட்டில் வேண்டாம் என்பேன். ஆயிரம் கிலோ பூவுக்குக் கிடைக்கும் கான்கிரீட் ஏறக்குறைய 3 கிலோ. ஹெக்சேன் என்ற கரைப்பானை வைத்துத்தான் எடுக்க வேண்டும், அது பெட்ரோல் மாதிரி தீப்பற்றும் பொருள். இருப்பு வைக்க உரிமம், தீத்தடுப்பு என்று செலவு நீளும். அப்புறம், மாலை கட்டுகிறவருக்கு மொட்டு வேண்டும், ஆலைக்கோ ராத்திரி விரிந்த பூ வேண்டும், வாசனை அப்போதுதான் முழுதாக ஏறும். அதனால் சந்தையில் மிஞ்சிய பூவெல்லாம் ஆலைக்கு ஆகிவிடாது. பூவுக்குப் பருவம் உண்டு, வங்கித் தவணைக்குப் பருவம் கிடையாது. இயங்குகிற ஆலைக்குப் பூ சேர்த்துக் கொடுக்கும் வேலையைப் பாருங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: நிலாவரை இலைச் சாறு எடுக்கிறோம் சார். வருட விற்பனை 60 லட்சம். வங்கி 12 லட்சம்தான் நடப்பு மூலதனக் கடன் (சரக்கு வாங்க, அன்றாடச் செலவுக்கான கடன்) தந்தது. இலை வாங்கும் மூன்று மாதமும் வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்குகிறோம். என்ன தப்பு?

உங்கள் தொழிலில் தப்பில்லை, கணக்குப் போட்ட முறைதான் உங்களுக்குப் பொருந்தவில்லை. சிறுதொழில் கடனுக்காக ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு 1992-இல் சொன்ன வழியில், விற்பனையில் 25 சதவீதம் நடப்பு மூலதனம் என்று எடுத்து, 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் நாம் போட வேண்டும். 25 சதவீதம் என்றால் மூன்று மாத விற்பனை. போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பிவிடும் என்பதுதான் இதன் அடிப்படை.

உங்களுக்கு அப்படித் திரும்புமா? விற்பனையில் பாதி இலைக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம், 30 லட்சம். அது முழுவதும் அந்த மூன்று மாதத்திலேயே வெளியே போகிறது. சாறு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கிறது. வாங்குகிறவர் 90 நாள் கடன் கேட்டால் இன்னொரு 15 லட்சம் அங்கே நிற்கும். 12 லட்சமும் உங்கள் 3 லட்சமும் எந்த மூலைக்கு?

அந்த 20 சதவீதம் குறைந்தபட்ச அளவு, உச்சவரம்பு அல்ல. பன்னிரண்டு மாதத்துக்கும் வரவு, செலவு எழுதிய ரொக்கப் பட்ஜெட்டோடு மேலாளரைப் பாருங்கள். பருவத்துக்கு ஒரு கடன் வரம்பு, மற்ற மாதங்களுக்குக் குறைந்த வரம்பு என்று கேளுங்கள். பருவத் தொழிலுக்கு இப்படித் தருவது வழக்கத்தில் உள்ளதுதான். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இருப்பு மதிப்பில் பெரும்பாலும் 25 சதவீதம் கழித்துத்தான் பணம் எடுக்க விடுவார்கள், இலைக்காரருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கியையும் கழிப்பார்கள். மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு இருப்புக் கணக்கு) கொடுப்பது தவறக் கூடாது.

திண்டுக்கல்லிலிருந்து: பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானியத்தை வைத்தே இலை வாங்கிவிடலாமா?

முடியாது. அந்த மானியம் உங்கள் பெயரில் மூன்று வருடம் வங்கியிலேயே இருக்கும், கைக்கு வராது. பிறகு கடனில் கழியும்.

கோவையிலிருந்து: பெரிய கம்பெனி ஒன்று 120 நாள் கழித்துத்தான் பணம் தருகிறது. சட்டம் நமக்கு உதவுமா?

உதவும், நீங்கள் உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது போக, கெடுவுக்குள் தராத தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அவருடைய ஆடிட்டர் இதை நன்றாக அறிவார்.

எடுத்ததும் புகார் கொடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் ட்ரெட்ஸ் என்ற, பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் இணையத் தளத்தில் சேர்ந்தாக வேண்டும். பில்லை அங்கே ஏற்றச் சொல்லுங்கள், அவர் ஒப்புக்கொண்டதும் ஒரு வங்கி கழிவு போட்டு உங்களுக்கு முன்பணமாகத் தந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் தாமதப் பாக்கிக்கான மத்திய அரசின் இணையத் தளத்தில் புகார் கொடுங்கள். இன்றிலிருந்தே பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், சரக்கு இறங்கிய தேதியோடு கையெழுத்தும் வாங்கி வையுங்கள், நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.