விரலை முதல்ல எடுங்க

வணக்கம் சார். பொண்ணு ப்ளஸ் டூ. நெகட்டிவ் சார்ஜ் உள்ள தண்டை உலோகப் பந்துகிட்ட கொண்டு போறோம், பந்து மேல படவே இல்ல, ஆனா கடைசில பந்துல பாசிட்டிவ் சார்ஜ் இருக்காம். "அது எங்கருந்துப்பா வந்துச்சு?"ன்னு கேக்குறா. மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்லிட்டேன். நல்ல புத்தகம் சொல்லுங்க. நீட்ல வருமா?
– ஒரு அப்பா

நண்பருக்கு,

நீட்ல வருமான்னு கோச்சிங் சென்டர்ல கேளுங்க. புத்தகமும் அப்புறம் பாத்துக்கலாம். மனப்பாடம் பண்ணுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம் வந்துச்சு. புள்ள சரியான கேள்வியைக் கேட்டிருக்கு சார்!

எதுவும் வரல, போயிருக்கு. தண்டோட நெகட்டிவ், பந்துல உள்ள எலக்ட்ரானை அந்தாண்ட பக்கம் தள்ளுது, அப்ப விரலால தொட்டா உங்க உடம்பு வழியா ஓடிடுது, போனது போக மிச்சம் பாசிட்டிவ். ஆனா விரலை எடுத்துட்டுத்தான் தண்டை எடுக்கணும். மாத்தி எடுத்தீங்கன்னா ஓடினதெல்லாம் வந்த வழியே திரும்பிடும், ஒண்ணும் மிஞ்சாது. இந்தப் படத்தை அம்புக்குறியோட வரைஞ்சு முழு மார்க் வாங்கினவன்தான் நானும், எதை முதல்ல எடுக்கணும்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. ஸ்கூல்ல எபோனைட் தண்டு (கெட்டி ரப்பர்ல செஞ்சது, தேய்ச்சா நெகட்டிவ் சார்ஜ் ஏறும்) பீரோக்குள்ள பூட்டியே கெடந்துச்சு.

எனக்குப் புரிய வச்சது மாமா. கீறல் விழுந்த எல்பி ரெக்கார்டை தாத்தாவோட கம்பளிக் குல்லாவால பரபரன்னு தேய்ச்சார், சில்வர் தட்டு நடுவுல பிளாஸ்டிக் டம்ளரை ஒட்டி கைப்பிடியாக்கி ரெக்கார்டு மேல வச்சு, தட்டை விரலால தொட்டு, விரலை எடுத்துட்டு, டம்ளரைப் பிடிச்சுத் தூக்கி "இப்ப தொடுடா"ன்னார். பட்டுனு ஒரு பொறி! திரும்ப வச்சு, தொட்டு, தூக்கினா மறுபடி பொறி. இங்க ரெக்கார்டுதான் உங்க தண்டு, தட்டுதான் பந்து. தேய்ச்சது என்னவோ ஒரே தடவைதான், ரெக்கார்டுல இருக்கிற சார்ஜ் செலவே ஆகல. 1762ல ஸ்வீடன்ல வில்க்கேங்கிற விஞ்ஞானி செஞ்சது, 1775ல இத்தாலி விஞ்ஞானி வோல்டா பிசின் பலகையும் உலோகத் தட்டுமா ஊருக்கெல்லாம் காட்டி எலக்ட்ரோபோரஸ்னு பேர் வச்சது எல்லாம் இதுதான்.

"அப்ப இது ஓசி கரண்டா மாமா?"

"ரெக்கார்டு தட்டைக் கீழ இழுக்குதுடா, உன் கைக்குத் தெரியாது. அதை மீறித் தூக்குறல்ல, அந்த ஒழைப்புதான் பொறியா வருது."

அந்த ஒரு வரி எந்தப் புத்தகத்துலயும் எனக்குக் கெடைக்கல (இருந்திருக்கும், நான் படம் மட்டும் பாத்திருப்பேன்).

மழை நாள்ல பண்ணாதீங்க, ஈரக் காத்துல சார்ஜ் நிக்காது. நல்ல வெயில் நாளா பாத்து, ரூமை இருட்டாக்கிட்டு நீங்க டம்ளரைப் பிடிங்க, அவ தொடட்டும். பொறி வரலன்னா எழுதுங்க, முதல்ல எடுத்தது விரலா தட்டான்னுதான் கேப்பேன்.