வேலும் கோலும்: அரசியல் தத்துவம் பற்றிக் கேள்வி பதில்

அரசியல் தத்துவமும் அரசியல் அறிவியலும் ஒன்றுதானே சார்?

இல்லை. தேர்தலில் யார் ஏன் ஜெயித்தார் என்று ஆராய்வது அரசியல் அறிவியல். ஜெயித்தவர் போடும் சட்டத்துக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று கேட்பது தத்துவம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

அடுத்த தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடலாம்?

மேலே உள்ள பதிலைப் படிக்கவும்.

கல்லூரி மாணவி நான். எங்கிருந்து தொடங்கலாம் ஐயா?

552ஆம் குறளிலிருந்து தொடங்கம்மா. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." வேலைக் காட்டி 'எடு' என்கிற வழிப்பறிக்காரனும், குடிகளிடம் பொருள் கேட்கிற கொடுங்கோலனும் ஒன்றுதான் என்கிறார் வள்ளுவர். இந்தக் குறள் கொடுங்கோன்மை அதிகாரத்தில் வருகிறது; எல்லா அரசரையும் அவர் திட்டவில்லை. ஆனால் கேள்வி பிறந்துவிட்டது: வரி கேட்பவருக்கும் வழிப்பறிக்காரருக்கும் என்ன வித்தியாசம்?

பழங்காலக் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டினும் இங்கேதான் வந்து நின்றார். நீதியை எடுத்துவிட்டால் அரசு என்பது பெரிய கொள்ளைக்கூட்டம்தானே என்றார். அலெக்சாந்தரிடம் பிடிபட்ட கடற்கொள்ளையன் கதையையும் சொல்கிறார்: "சின்னக் கப்பலில் செய்வதால் நான் கொள்ளைக்காரன், பெரும்படையோடு செய்வதால் நீ பேரரசன்."

வித்தியாசம் பாதுகாப்பில் இருக்கிறது என்றார் ஹாப்ஸ். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்துத் தத்துவஞானி, 1651இல் எழுதினார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலத் தத்துவஞானி லாக், குடிகளின் சம்மதத்தில் என்றார். நாமே சேர்ந்து இயற்றிய சட்டத்துக்கு மட்டும்தான் கட்டுப்படலாம் என்றார் ரூசோ, 1762இல். இவர்களைப் பற்றிய பத்து நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

சம்மதமா? நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லையே?

லாக்கும் இதை யோசித்திருக்கிறார். ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் தாராளமாக நடமாடினாலே மௌன சம்மதம்தான் என்பது அவர் பதில். எனக்கு அது ஒட்டவில்லை.

ஓய்வுபெற்ற அதிகாரி நான். லாக் சொன்னது சரிதானே? பிடிக்காவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டுமே.

இதற்கு ஸ்காட்லாந்துத் தத்துவஞானி ஹ்யூம் 1748இலேயே, 'மூல ஒப்பந்தம்' பற்றிய கட்டுரையில் பதில் சொல்லிவிட்டார். வேற்று மொழி தெரியாத, அன்றாடக் கூலியில் வயிறு கழுவுகிற ஏழை உழவன் எங்கே போவான்? தூங்கும்போது ஒருவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, கண்விழித்தவனிடம் 'கடலில் குதிக்காமல் இருக்கிறாய், அதனால் மாலுமித் தலைவனுக்கு அடங்கச் சம்மதித்தாய்' என்பது போலத்தான் இது.

அதே அதிகாரி: சாக்ரடீஸ் ஓடிப்போகாமல் விஷம் குடித்தாரே?

நல்ல பிடி. எழுபது வயது வரை ஏதென்சிலேயே இருந்தது ஒப்பந்தத்துக்குச் சமம் என்றுதான், சிறையிலிருந்து தப்பிக்கச் சொல்ல வந்த நண்பர் கிரீட்டோவிடம் அவர் வாதிடுகிறார். ஆனால் அவர் குடிமகன். சபையில் எழுந்து பேசும் உரிமை இருந்தது. ஏதென்சின் அடிமையிடம் போய் இதே வாதத்தைச் சொல்ல முடியுமா?

அப்படியானால் வரி கட்ட வேண்டாமா?

ஆடிட்டரைக் கேளுங்கள். கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வது வேறு, அந்தச் சட்டத்தின் உரிமை எங்கிருந்து வந்தது என்பது வேறு. இன்னும் எத்தனை பேருக்கு இதைச் சொல்வது?

இடதா, வலதா, எது சரி? (பலர்)

அடுத்த கேள்வி.

மறுபடியும் அதிகாரி: சரி, சம்மதம் வேண்டாம். ரோடு, தண்ணீர் எல்லாம் அனுபவிக்கிறீர்கள். கடன் இல்லையா?

இப்போது வாதத்தையே மாற்றிவிட்டீர்கள். இது நியாயப் பங்கு வாதம்: பிறர் உழைப்பில் பலன் பெற்றால் நம் பங்கையும் செய்ய வேண்டும் என்பது. 1955இல் ஆங்கிலச் சட்டத் தத்துவஞானி ஹார்ட் முன்வைத்தது. அமெரிக்கத் தத்துவஞானி நோசிக் 1974இல் ஒரு கற்பனைக் கதையால் அதை மடக்கப் பார்த்தார். தெருவில் உங்களைத் தவிர 364 பேர். ஒலிபெருக்கி அமைத்து, நாளுக்கு ஒருவர் பாட்டுப் போட்டு, கதை சொல்லி நடத்துகிறார்கள். நீங்களும் ஜன்னலோரம் நின்று ரசித்திருக்கிறீர்கள். 138 நாள் கழித்து உங்கள் முறை வருகிறது. ஒரு நாளை அதற்காக விட்டுத்தர வேண்டுமா? வேண்டாம் என்கிறார் நோசிக். காதில் விழுந்ததற்கெல்லாம் கடன் கிடையாது.

பாட்டுக்கு இது சரி. பாட்டு இல்லாமல் இருந்துவிடலாம். குடிநீர் இல்லாமல், கொள்ளைநோய்த் தடுப்பு இல்லாமல் யாரால் இருக்க முடியும்? அங்கே உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அரசு வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த வகையில் சேருமா? சேராததற்கு வேறு காரணம் காட்டுங்கள்.

ரால்ஸ் பற்றி இரண்டு வரியில்?

அமெரிக்கத் தத்துவஞானி அவர். பிறக்கப்போகும் சாதி, வர்க்கம், திறமை எதுவும் தெரியாமல் சமூக விதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார், 1971இல். மீதிக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

முதலில் எதைப் படிக்க?

பிளேட்டோ எழுதிய கிரீட்டோ உரையாடல். ஒரே உட்காரலில் முடிந்துவிடும். அப்புறம் ஹ்யூமின் அந்தக் கட்டுரை. ஹாப்ஸை இப்போதே தொடாதீர்கள்.