நண்பனோடு சேர்ந்து வீட்டிலேயே அவசரமாக ஒரு ராக் ஆல்பம் செய்ய முடியுமா?

ஓம், முடியும். நானும் என் கூட்டாளியும் ஒன்றரை நாளில் ஆறு பாட்டு செய்தோம். மொத்தம் 19 நிமிடம். டிரம்ஸ் இல்லை, நல்ல மைக் இல்லை, நண்பன் ஒரு நாள்தான் வருவான், ஏதாவது தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கதையும் அதேதான். என்ன, வந்தவனால் திரும்பிப் போக முடியாமல் போய்விட்டது.

2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை. இலங்கையில் பெட்ரோலுக்கு அலைந்த காலம். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியிலிருந்து கிட்டாரை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்துக் கல்லடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். சும்மா ஒரு மணி நேரம் வாசிக்கத்தான். பார்த்தால், பின்னேரம் 6 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணி வரை நாடு முழுக்க ஊரடங்கு என்று செய்தி. "மச்சான், பாய் இருக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான் எங்கள் திட்டமிடல்.

ஒரு பாட்டுக்கு மூன்று தடவைக்கு மேல் பதிவு செய்வதில்லை, மூன்றில் எது பரவாயில்லையோ அதை எடுப்பது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். இந்த விதி இல்லாவிட்டால் முதல் பாட்டிலேயே ஞாயிறு முடிந்திருக்கும்.

டிரம்ஸுக்கு ஒரு பழைய சூட்கேஸ். உள்ளே துணியைத் திணித்து முஷ்டியால் குத்தினால் 'தும்' என்று அடிவயிற்றில் கேட்கும். பிஸ்கட் டின்னுக்குள் சாவிக்கொத்தைப் போட்டு மரக்கரண்டியால் தட்டினால் ஸ்நேர் டிரம் மாதிரி ஒரு சத்தம். சிம்பலுக்குத்தான் யோசித்தோம். அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா, அந்தக் காலத்தில் வடமோடி என்ற நாட்டுக்கூத்துக்குத் தாளம் போட்ட சல்லரி, அதாவது கைத்தாளம், அலுமாரிக்குள் கிடந்தது. எடுத்து ஒரு தட்டுத் தட்டினோம், அருமை.

போனில் கேட்டால் நாசம்! போனில் இருக்கும் ரெக்கோர்டர், சத்தம் கூடினால் தானாகவே அளவைக் குறைத்துவிடும். சல்லரி 'ஜல்' என்றதும் கிட்டார் அப்படியே அமுங்கி, பிறகு மெல்ல மெல்ல எழும்பி வந்தது, யாரோ தண்ணீருக்குள் போய் வருவதுபோல. சல்லரிக்காரனை, அதாவது என் தம்பியை, குசினிக் கதவுக்கு அப்பால் நிறுத்தினோம். அதோடு சரியாகிவிட்டது. உங்களிடமும் போன்தான் இருக்கிறதென்றால் சத்தமான பொருளைத் தூரத்தில் வையுங்கள், மெல்லியதைக் கிட்ட வையுங்கள். முக்கால்வாசி மிக்சிங் அதிலேயே முடிந்துவிடும்.

ஞாயிறு காலை யூடியூப் திறக்கவில்லை. பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அரசாங்கம் முடக்கியிருந்தது. இப்போது நினைத்தால் எங்களுக்கு அது நல்லதுதான். திறந்திருந்தால் 'டிரம்ஸ் சத்தத்தைச் சீராக்குவது எப்படி' என்று மத்தியானம் வரை பார்த்துக்கொண்டு இருந்திருப்போம்.

ஒரு பிழை விட்டோம். சனி இரவே கத்திப் பாடும் பாட்டை எடுத்துவிட்டோம். விடியும்போது என் தொண்டை கட்டிவிட்டது. இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்கு 1963 பெப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்தார்கள். அவர்களில் ஒரு பாடகரான ஜான் லெனனுக்கு அன்று தடிமன் (சளி). அதனால் தொண்டையைக் கிழிக்கும் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தேன். மிச்ச ஐந்து பாட்டையும் கிட்டத்தட்டப் பேசுகிற குரலில்தான் பாடியிருக்கிறேன். கேட்பவர்கள் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள்.

கிட்டாரை ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லி, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைத்தேன். ஒரே பதிவைக் கொப்பி பண்ணி இரண்டு பக்கமும் வைத்தால் சத்தம் கூடும், அகலம் வராது. இரண்டு வாசிப்புக்கும் நடுவில் வரும் சின்னச் சின்னத் தடுமாற்றம்தான் பெரிய பாண்ட் வாசிப்பதுபோலக் காட்டுவது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளே இதற்குப் போதும். போனில் எடுத்ததை லப்டொப்பில் இருப்பதோடு பொருத்த, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் ஒரு முறை கை தட்டுங்கள். திரையில் தெரியும் ஒலி அலைப் படத்தில் அந்தத் தட்டு ஒரு முள் மாதிரி நிற்கும். முள்ளோடு முள்ளை வைத்தால் சரி.

அந்த வாரம் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைகூட கரண்டை நிறுத்தினார்கள். ஞாயிறு பின்னேரமும் கொஞ்ச நேரம் போனது. கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் செத்துவிட்டது, லப்டொப்பில் பட்டரி மட்டும். ஆனால் ஃபேன் நின்றது, பிரிட்ஜ் நின்றது, ஊரடங்கில் வீதியிலும் வாகனம் இல்லை. அப்படியொரு அமைதியைக் கல்லடியில் நான் கேட்டதே இல்லை. வியர்த்து ஒழுக ஒழுக நான்கு பாட்டின் குரலை அப்போதுதான் எடுத்தோம்.

கடைசிப் பாட்டின் கடைசி வரியை நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. ஃபேன் 'டக்' என்று சுற்றத் தொடங்க, சுற்றியிருந்த வீடுகளுக்குள்ளிருந்து பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக "ஹேய்ய்ய்" என்று கத்தினார்கள். அதற்கு முன்னால் இரண்டு தடவை எடுத்திருந்தோம், இது மூன்றாவது. அதையே வைத்துக்கொண்டோம்.

திங்கள் காலை ஆறரைக்கு அவன் சைக்கிளை எடுத்தான். சல்லரியை அலுமாரியில் வைக்கப் போனபோதுதான் அதன் ஓரத்தில் ஒரு நெளிவைப் பார்த்தேன். அப்பப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.