பேரன்களோடு கப்பல் பயணம்: பெரிய கப்பலா, சின்ன சொகுசுக் கப்பலா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. மே விடுமுறையில் மகன் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாலைந்து நாள் கப்பல் பயணம் போக நினைக்கிறோம். பேரன்களுக்கு 11, 7 வயது. என் கணவருக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். நாங்கள் சைவம். மகன் பெரிய கப்பல் என்கிறான். எனக்குக் கூட்டமும் இரைச்சலும் ஆகாது. சின்ன சொகுசுக் கப்பல் நிம்மதி என்கிறார்களே, எதில் போகலாம்?

பதில்: அம்மா, இந்தப் பயணத்துக்குப் பெரிய கப்பல்தான் சரி. பேரன்களை விட உங்கள் கணவரின் முழங்காலை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கப்பலுக்குள் எங்கும் லிஃப்ட் உண்டு. கரை இறங்கும்போதுதான் சிரமம். கப்பல் துறைமுக மேடையை ஒட்டி நின்றால் சாய்வுப் பாலம் வழியாக நடந்தோ சக்கர நாற்காலியிலோ இறங்கலாம். தள்ளி நங்கூரம் போட்டால் ‘டெண்டர்’ எனும் சிறு படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகேறும்போது கால் எப்படித் தடுமாறும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய கப்பல் நுழையாத குட்டித் துறைமுகங்களுக்குப் போவதுதான் சின்னக் கப்பலின் சிறப்பு. அதனாலேயே அதில் படகு மாறும் வேலை அதிகம்.

பெரிய கப்பலிலும் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தாய்லாந்தின் புக்கெட்டில் பெரும்பாலும் பத்தோங் கடற்கரைக்கு எதிரே நிறுத்திப் படகில்தான் கொண்டு விடுவார்கள். மலேசியாவின் பினாங்கில் சுவெட்டன்ஹாம் மேடையிலேயே கப்பல் அணையும், இறங்கினால் ஜார்ஜ் டவுன் நகரம். நம் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே போய்க் குடியேறியவர்கள் அங்கே உண்டு. லிட்டில் இந்தியாவில் தமிழில் பேசியே சாப்பிட்டு வரலாம். பினாங்கு இருக்கிற பயணமாகவே பாருங்கள். மலாக்கா நீரிணை வழி என்பதால் அலையும் பொதுவாகக் குறைவு.

கூட்டத்தைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 2024-ல் வந்த ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ அறைக்கு இருவர் கணக்கிலேயே 5,610 பேரை ஏற்றுகிறது. சொகுசுக் கப்பல்கள் பலவற்றில் 600 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஆனால் பெரிய கப்பலில் அமைதி வேண்டுமென்றால் அறையைப் பார்த்து எடுக்க வேண்டும். தளப் படத்தை வாங்கி, மேலும் கீழும் அறைகளே இருக்கிற தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்கு அருகில், பால்கனி அறை கேளுங்கள். நீச்சல்குளத்துக்குக் கீழேயும் அரங்கத்துக்கு மேலேயும் வேண்டாம். எல்லாரும் கரைக்குப் போன பகலில் கப்பலே காலியாகத்தான் இருக்கும்.

செலவில் கவனம் தேவை. பெரிய கப்பலின் விளம்பர விலையில் துறைமுக வரி, தலைக்கு நாள் கணக்கில் டிப்ஸ், வைஃபை, சுற்றுலாக் கட்டணம் பெரும்பாலும் சேராது. டிப்ஸ் குழந்தைகளுக்கும் உண்டு. சொகுசுக் கப்பலில் டிப்ஸ், மது, வைஃபை எல்லாம் பொதுவாக டிக்கெட்டிலேயே அடங்கும். மது தொடாத குடும்பம் அந்தப் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும்? குழந்தைகளுக்கான விளையாட்டுக் கூடமும் அங்கே அரிது. பையன்கள் இரண்டாம் நாளே சலித்துவிடுவார்கள்.

சின்னக் கப்பலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அடிப்பகுதியில் 21 மீட்டர் அகலமே உள்ள கிரேக்கத்தின் கொரிந்து கால்வாயில் அதுதான் போக முடியும். அண்டார்டிகாவில் 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் கரையில் ஆள் இறக்கவே கூடாது. அப்படி ஓர் ஊருக்காகவே போகிறபோது கூடுதல் காசு தகும்.

சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள். கப்பல் சிங்கப்பூருக்கே திரும்புவதால் விசா மறுபடி நுழையவும் செல்லுமா என்று பாருங்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு, ஆனால் கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தின நாளே போய்விடுங்கள். கப்பல் மருத்துவருக்குத் தனிக் கட்டணம், ஆகவே அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கிற காப்பீடு எடுங்கள்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியின்போது, கணவரால் படி ஏற முடியாது என்று ஊழியர்களிடம் சொல்லி வையுங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்த முடியாது. முன்பே தெரிந்தால்தான் அவரை அழைத்துப் போக ஆள் ஏற்பாடு செய்வார்கள்.