45 வரை காத்திருக்காதீர்கள்

அப்பாவுக்கு 47 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, எனக்கு இப்போது 36, குடல் பரிசோதனைக்கு 45 வயது வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த 45 என்பது குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாதவர்களுக்கான கணக்கு. பெற்றோரிலோ கூடப் பிறந்தவர்களிலோ ஒருவருக்கு 60க்கு முன்பே வந்திருந்தால், 40 வயதில் அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போதே கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்துவிட வேண்டும். உங்களுக்கு அது 37, அதாவது அடுத்த வருடம். அண்ணனுக்கு 41 என்கிறீர்கள், அவர் இப்போதே போகட்டும்.

மலப் பரிசோதனை உங்கள் நிலையில் போதாது. அது கசிகிற ரத்தத்தைத்தான் தேடும், கசியாத சின்ன பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சதை முளை, தப்பிவிடும். கொலோனோஸ்கோபியில் என்றால் பெரும்பாலும் பார்த்த இடத்திலேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். எதுவும் இல்லையென்றாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கச் சொல்வார்கள்.

அப்புறம், கடைசியில் போகிற போக்கில் "எப்போதாவது ரத்தம் வரும், மூலமாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. மூலமாகவே இருக்கலாம், ஆனால் ரத்தம் வந்தால் வயதுக் கணக்கே கிடையாது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், அப்பா விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.