கையால் செய்யும் தாளில் சுவர்ச் சுண்ணாம்பைக் கலக்கலாமா?

காரைக்குடி பக்கம் பனியன் கட்டிங் வேஸ்டில் தாள் செய்யும் ஒரு வாசகியின் கேள்வி: "ஒரு பக்கம் அச்சடித்தால் மறுபக்கம் தெரிகிறது. தூள் ஏதாவது கலக்கச் சொல்கிறார்கள். வீட்டுச் சுவருக்குப் பூச நீற்றிய சுண்ணாம்பு மீதி இருக்கிறது, போடலாமா? ரோசினும் படிகாரமும் ஏற்கெனவே போடுகிறேன். இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்தப் பத்திரம்) எழுதவும் சிலர் கேட்கிறார்கள்."

நீற்றிய சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். பிஎச் 12-க்கு மேல் போகும் கடும் காரம் அது, தொட்டியில் கைவிட்டு வேலை செய்பவர்களின் தோலே புண்ணாகிவிடும். உங்களுக்குத் தேவை கால்சியம் கார்பனேட், அதுவும் சில மைக்ரான் அளவுக்கு அரைத்தது. பள்ளிக்கூடச் சாக்பீஸை இடித்துப் போட நினைக்காதீர்கள், பலவும் ஜிப்சம்தான்.

ஆனால் படிகாரம் இருக்கும் கூழில் கார்பனேட்டைப் போட்டால் அமிலம் அதைக் கரைக்கும், நுரை பொங்கும், மை பரவாமல் தடுக்கும் ரோசினும் சரியாகப் பிடிக்காது. ரோசினை விட மனமில்லை என்றால் அமிலத்தில் கரையாத வெள்ளைக் களிமண் தூளான சைனா கிளே போடுங்கள். என்னைக் கேட்டால் ரோசின், படிகாரம் இரண்டையும் விட்டு, படிகாரம் இல்லாமலே மை பரவாமல் தடுக்கும் ஏகேடி-க்கு மாறுவதே சரி. இசைகுடிமானம் பேரப்பிள்ளை காலம் வரை இருக்க வேண்டிய பத்திரம், படிகாரத்தின் அமிலம் தாளை மெல்ல மெல்ல நொறுங்க வைத்துவிடும். நீண்டகாலத் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரம் கேட்பதே சுமார் 2% கார்பனேட்டுக்கு இணையான கார இருப்பைத்தான், அதாவது அமிலத்தைச் சரிக்கட்டத் தாளிலேயே தங்கியிருக்கும் காரத்தை.

அப்புறம், தூளை வாங்குவதற்கு முன்னால் கூழ் அடிக்கும் இயந்திரமான பீட்டர் ஓடும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். கூழை அதிகமாக அடித்தால் நார்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக ஒட்டி, ஒளியைச் சிதறடிக்கும் காற்று இடைவெளிகள் போய்விடும், தாள் எண்ணெய் பட்டது போல ஊடுருவித் தெரியும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

அதற்கும் சரியாகாவிட்டால் ஒரு கிலோ உலர்ந்த நாருக்கு 50 கிராம் கார்பனேட்டில் தொடங்குங்கள். தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடித்து முடித்த கூழில் கலக்க வேண்டும். தூள் சல்லடைக் கண்ணைவிட மிகப் பொடி, அதனால் வடியும் தண்ணீர் பால் போல இருந்தால் காசு சாக்கடைக்குப் போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு பிடி தூள் போடத்தான் எல்லோருக்கும் கை போகும், தயவுசெய்து போடாதீர்கள். தூளை நாரோடு பிடித்துவைக்க கேட்டயானிக் ஸ்டார்ச் (நேர்மின்னூட்டம் ஏற்றிய மாவுப்பொருள்) கடைசியாகச் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள், வேகமாகக் கலக்கினால் பிடித்தது உதிர்ந்துவிடும்.

காய்ந்த தாளை அழைப்பிதழ் மாதிரி மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெடித்தால் தூள் நார்களின் பிணைப்பைக் கெடுக்கிறது, 50 கிராமை 30 ஆக்குங்கள்.