வலுதூக்குதல்: தசைக்கு முன்னால் நரம்பு (கேள்வி பதில்)

பகலில் பள்ளியில் இயற்பியல் பாடம், சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில் பார்பெல். பத்து வருடத்துக்கும் மேலாக என் நாட்கள் இப்படித்தான் போகின்றன. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இப்போது நிறையப் பேர் பவர்லிஃப்டிங் பழகுகிறார்கள். தமிழில் வலுதூக்குதல் என்கிறோம். ஒலிம்பிக்கில் தலைக்கு மேலே தூக்குவது பளுதூக்குதல், அது வேறு விளையாட்டு. நம்முடையது ஸ்குவாட் (பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு மார்பில் இருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருந்து தூக்கி நிமிர்வது) என மூன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் தூக்கிய அதிக எடையைக் கூட்டினால் டோட்டல். வந்த கேள்விகளில் "ஏன் அப்படி?" என்று கேட்டவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டர், ஜிம்முக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. ஸ்குவாட் 40 கிலோவில் இருந்து 65 கிலோவுக்குப் போய்விட்டது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் தொடை அப்படியேதான் இருக்கிறது. வளராத தசை எப்படி இவ்வளவு தூக்குகிறது? (தேவனாம்பட்டினம், வயது 19)

தம்பி, உங்கள் ஊர்க் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபது பேர் கயிற்றைப் பிடித்திருந்தாலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. குரல் கொடுத்து எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கும்போதுதான் கரையேறும். ஆள் கூடவில்லை, பலம் கூடிவிட்டது. உங்கள் தொடையில் நடந்ததும் இதுதான்.

தண்டுவடத்தில் இருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பும் ஒரு கூட்டம் தசையிழைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. சில நரம்புகளுக்குச் சிறிய கூட்டம், சிலவற்றுக்குப் பெரியது. எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960களில் ஒரு ஒழுங்கைக் காட்டினார்: சிறிய நரம்புகள்தான் முதலில் வேலைக்கு வரும், தேவை கூடக் கூடத்தான் பெரியவை எழும். காபி டம்ளரைத் தூக்கப் பெரிய கூட்டம் வராது. பயிற்சி இல்லாதவர் முழு முயற்சி போட்டாலும் அந்தப் பெரிய கூட்டங்களில் சில தூங்கிக்கொண்டே இருக்கும்.

முதல் சில வாரங்களில் உடம்பு கற்றுக்கொள்வது இதைத்தான். அதிகக் கூட்டங்களை எழுப்புகிறது, கட்டளையை வேகவேகமாக அனுப்புகிறது, எதிர்ப்பக்கம் இழுத்து முட்டுக்கட்டை போடும் தசையைத் தளர்த்துகிறது. கண்ணுக்குத் தெரியும்படி தசை பருக்க அதற்கு மேலும் சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அப்புறம் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அதனால் கண்ணாடியை விட்டுவிடுங்கள், நோட்டில் எடையை எழுதி வையுங்கள்.

காலால் தள்ளுகிற லெக் பிரஸ் மெஷினில் 200 கிலோ தள்ளுகிறேன். ஸ்குவாட்டில் 80 கிலோவிலேயே நடுங்குகிறேனே? (வில்லியனூர்)

நரம்பு கற்றது மெஷினில் தள்ளுவதை. அங்கே முதுகு சாய்ந்திருக்கிறது, பாதை தண்டவாளம் போல ஒரே கோடு, எடையும் சாய்வில் நகர்வதால் முழுப் பாரம் உங்கள் மேல் இல்லை. இளவட்டக்கல் தூக்கிப் பழகியவரிடம் பாரைக் கொடுத்தாலும் முதல் நாள் தடுமாறத்தான் செய்வார். எதில் போட்டியோ அதையே பழகுங்கள்.

தினமும் மேக்ஸ் (ஒரே முறை தூக்க முடிகிற உச்ச எடை) போட்டுப் பார்த்தால்தானே பலம் கூடும்? (நெல்லிக்குப்பம்)

இதை நான் உடம்பிலேயே பரிசோதித்துவிட்டேன். ஆரம்பக் காலத்தில் நான் பழகிய ஒரு ஜிம்மில் தினமும் உச்ச எடை தூக்குவதுதான் வீரம். நானும் ஒரு மாதம் டெட்லிஃப்டில் அதைச் செய்தேன். மாதக் கடைசியில் 10 கிலோ குறைந்திருந்தது, இடுப்பு பிடித்து பத்து நாள் குனிய முடியவில்லை. பயிற்சி தூண்டுதலைத் தருகிறது, கூடவே களைப்பையும் தருகிறது. பலம் கூடுவது இடையில் கிடைக்கும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும். களைப்பு இறங்கும் முன்னே அடுத்த பாரத்தை ஏற்றினால், கூடிய பலம்கூட அதன் அடியில் மறைந்துபோகும்.

1945இல் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. போரில் காயமடைந்த வீரர்களுக்கு அதுவரை லேசான பயிற்சிதான் கொடுத்து வந்தார்கள். இவர் கனமான எடையைக் கொடுத்தார், ஆனால் அளந்து கொடுத்தார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடித்து, பலம் கூடக் கூட எடையையும் கூட்டினார். மருந்துக்கு டோஸ் போல. இன்று நாம் செய்வதற்கெல்லாம் அடிப்படை அதுதான்.

மேக்ஸ் தெரிய வேண்டுமா? கணக்குப் போடுங்கள். தூக்கிய முறைகளின் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வருவதை எடையால் பெருக்க வேண்டும். 100 கிலோவை அதிகபட்சம் 5 முறை தூக்கினால் உங்கள் மேக்ஸ் ஏறக்குறைய 117 கிலோ. இது எப்லி சூத்திரம்; பத்து முறைக்கு மேல் போனால் நம்பாதீர்கள். பெரும்பாலான செட்டுகளை (இறக்கி வைக்காமல் தொடர்ந்து தூக்கும் சுற்றுகளை), இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள்.

செட்டுக்கு நடுவில் 4 நிமிடம் உட்கார்ந்தால் சோம்பேறி என்கிறார்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

உட்காருங்கள். கனமான தூக்கலுக்கு எரிபொருள் தசைக்குள் இருக்கும் ஏ.டி.பி.யும் கிரியாட்டின் பாஸ்பேட்டும். அந்த இருப்பு சில விநாடிகளில் கரையும், பெரும்பகுதி நிரம்ப 3 முதல் 5 நிமிடம் பிடிக்கும்.

என் தொடை எலும்பு நீளம். ஸ்குவாட்டில் உடம்பு முன்னால் சாய்கிறது. மார்பை நிமிர்த்து என்று கத்துகிறார்கள், முடியவில்லை. (லாஸ்பேட்டை)

உங்கள் மேல் தப்பே இல்லை! பார்பெல் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும், இல்லையென்றால் விழுவீர்கள். தொடை நீளமாக இருந்தால் இடுப்பு அதிகம் பின்னால் போகும். சமநிலைக்காக முதுகு முன்னால் சாய்ந்தே தீரும்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். 100 கிலோ பார் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 980 நியூட்டன். அந்த விசைக்கோட்டில் இருந்து இடுப்பு மூட்டு 20 செ.மீ. பின்னால் இருந்தால் திருப்புத்திறன், அதாவது மூட்டைச் சுழற்றப் பார்க்கும் விளைவு, 196 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. என்றால் 245. எடை அதே 100 கிலோ, இடுப்புக்கு வேலை கால் பங்கு அதிகம். அதனால் உங்கள் பக்கத்தில் குட்டைத் தொடைக்காரர் தூக்குவதோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

கால்களை இன்னும் அகட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தொடையின் நீளம் குறையும். குதிகால் உயர்ந்த லிஃப்டிங் ஷூ போட்டால் முட்டி முன்னால் போக இடம் கிடைக்கும். சாய்வு கொஞ்சம் மிச்சம் இருக்கும், இருக்கட்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, வயது 34. பாரம் தூக்கினால் ஆம்பளை உடம்பு ஆகிவிடும், கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (பண்ருட்டி)

சகோதரி, பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் அப்படிப் பருத்துவிடாது. ஆனால் தொடங்கிய இடத்தில் இருந்து எத்தனை சதவீதம் பலம் கூடுகிறது என்று பார்த்தால் பெண்கள் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. எலும்பும் பாரத்துக்கு ஏற்ப உறுதியாகும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும் என்பதால் இப்போதே சேர்த்து வைப்பது நல்லது.

கர்ப்பப்பைப் பயத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடியில் ஏதோ இறங்குவது போலக் கனமாக இருந்தாலோ முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் வெறும் பாரில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். பலாப்பழ மூட்டை தூக்குகிற ஊரில் பெண்கள் பாரம் தூக்குவது புதிதா என்ன?

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், வயது 46. மூச்சை அடக்கித் தூக்கலாமா? (நெய்வேலி)

அண்ணே, மூச்சை உள்ளே இழுத்து அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கும். பெல்ட் கட்டுவதும் வயிறு எதிர்த்துத் தள்ள ஒரு சுவர் கிடைப்பதற்குத்தான். ஆனால் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் எகிறும். 1985இல் வெளியான ஓர் ஆய்வில் பாடிபில்டர்கள் கனமான லெக் பிரஸ் செய்தபோது ரத்தக்குழாய்க்குள்ளேயே அளந்தார்கள், சராசரி 320/250. உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் கன எடை வேண்டாம். அவர் சரி என்றாலும் லேசான எடை, தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே.

புரத பவுடருக்குக் காசு இல்லை. கிரியாட்டின் சாப்பிட்டால் கிட்னி போய்விடுமா? (முதுநகர், எடை 70 கிலோ)

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பவுடரைத் தேடுகிறீர்களே! உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு 112 கிராம். 200 கிராம் மத்தியில் ஏறக்குறைய 40, நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் சுண்டலில் 13. மீதியைச் சோறும் பருப்பும் பார்த்துக்கொள்ளும்.

கிரியாட்டின் என்பது மேலே சொன்ன அந்த எரிபொருள் இருப்பைக் கூட்டும் பொடி; நாளுக்கு 3 முதல் 5 கிராம். ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அளக்கும் கழிவுப்பொருள்) அளவு கொஞ்சம் கூடித் தெரியலாம், அதனால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடாதீர்கள்.

முதல் போட்டி. முதல் வாய்ப்புக்கு எவ்வளவு கேட்பது? (மஞ்சக்குப்பம், நம் ஜிம் பையன்)

மூன்று முறை சுலபமாகத் தூக்குகிற எடை. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் இதில் ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் போனால் டோட்டலே கிடையாது. பெஞ்சில் பார் மார்பில் அசையாமல் நின்றபின் நடுவர் "பிரஸ்" சொன்னால்தான் தள்ள வேண்டும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முட்டியின் மேல்பகுதியைவிடக் கீழே இறங்கணும். டெட்லிஃப்டில் "டவுன்" கேட்கும்வரை பாரை விடாதே. சனிக்கிழமை சாயங்காலம் வா, நான் நடுவராக நின்று கட்டளை சொல்கிறேன், மூன்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.